ரன்னுன்னா ஓடுன்னு மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பிட்டாங்க

"பேசிக் இங்கிலீஷ் கூட தெரியாதா உங்களுக்கு?" நேத்து கான்ஃபரன்ஸ் கால்ல பதினோரு பேர் கேக்க என் டீம் லீட் என்னைக் கேட்டாரு. ராத்திரி பூரா தூக்கம் வரல, இன்னும் கொதிக்குது, கொட்டித் தீத்துடுறேன்.

புதன்கிழமை சாயந்தரம் கிளையண்ட் சைடு மேனேஜர், அமெரிக்காக்காரர், லைன் வேற விட்டு விட்டு வருது, "ரன் இட் பை மீ பிஃபோர் ஃப்ரைடே"ன்னாரு. இட்டுன்னா என்ன? அன்னைக்கு ஒரு மணி நேரமா பேசிட்டிருந்த, ரிமைண்டர் மெயில் அனுப்புற ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி ப்ரோக்ராம். ஸ்கிரிப்டை நாம என்னய்யா பண்ணுவோம்? ரன் பண்ணுவோம். எட்டு வருஷமா நான் சோறு திங்கிறதே அதைப் பண்ணித்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள ரன் பண்ணச் சொல்றாரு, சரின்னு அன்னைக்கு ராத்திரியே பதினொன்றரைக்கு வீட்ல எல்லாரும் படுத்தப்புறம் லேப்டாப்பை எடுத்து வச்சு, லிஸ்டை ரெண்டு தடவை சரி பாத்து, ரன் பண்ணேன். 412 பேருக்கு மெயில் போச்சு, ஒண்ணு கூட பவுன்ஸ் ஆகி திரும்பி வரல. டன்னு மெசேஜ் போட்டுட்டு நிம்மதியா படுத்தேன்.

மறுநாள் கால்ல அந்த மேனேஜர், "நான் ரன் இட் பை மீன்னு சொன்னேன்." "யெஸ், ரன் பண்ணிட்டேன்." "பை மீ." "யெஸ், எல்லாருக்கும் போயிடுச்சு." "நோ, நோ, பை மீ!" அவரு திரும்பத் திரும்ப அந்த "பை"யை அழுத்தி அழுத்திச் சொல்றாரு, நானும் திரும்பத் திரும்ப வேலை முடிஞ்சிருச்சுன்னு சத்தியம் பண்றேன், இப்படியே நாலு நிமிஷம். கடைசில என் லீட் உள்ள பூந்து, "முதல்ல அவர்கிட்ட காட்டு, அவரு சரின்னா அப்புறம் பண்ணுன்னு அர்த்தம்"னாரு. காட்டணும்னா ஷோ மீன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! ரெண்டே வார்த்தை. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குக் கூட புரியுமே!

எங்க ஸ்கூல்ல போர்டுல மூணு கட்டம் போட்டு ரன், ரேன், ரன்னு எழுதிப்போட்டு, நடுவுல இருக்கிறதைத் தப்பா சொன்னா முட்டி போட வச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் அதை நான் தப்பா சொன்னதில்ல. அர்த்தம்னு போட்டிருந்தது ஒண்ணே ஒண்ணு, ஓடு. அதை வச்சுக்கிட்டு அமெரிக்காக்காரன்கூட பேசுன்னு அனுப்பி வச்சாங்க.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதில பீட்டர் கில்லிவர்னு ஒரு ஆசிரியர், இந்த ஒத்த வார்த்தையோட ஒன்பது மாசம் மல்லுக்கட்டி, வினைச்சொல்லா மட்டும் இதுக்கு 645 அர்த்தம் இருக்குன்னு 2011ல சொன்னாரு. 1989 பதிப்புல செட்டுங்கிற வார்த்தைதான் 430 அர்த்தத்தோட முதல்ல இருந்துச்சு, ரன் அதையும் தூக்கிச் சாப்பிட்டுருச்சு. அகராதி எழுதுறதையே பொழப்பா வச்சிருக்கவருக்கே ஒன்பது மாசம் ஆயிருக்கு, எனக்கு மட்டும் லைன் அறுந்து அறுந்து வர்ற கால்ல மூணு செகண்டுல புரியணும், புரியலன்னா பேசிக் தெரியாதவன். 645 அர்த்தம் இருக்கிறதுக்குப் பேரு பேசிக்கா?

மூக்கு ஒழுகினாலும் ரன், துணி சாயம் போனாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். ஒரே எலெக்‌ஷன், அமெரிக்கால அதுக்கு ஓடுறாங்க, இங்கிலாந்துல நிக்கிறாங்க. ரன் இன்டுன்னா பழைய ஃப்ரெண்டை வழியில பாத்தேன்னும் அர்த்தம், வண்டியக் கொண்டுபோய் செவுத்துல விட்டேன்னும் அர்த்தம். மீட்டிங் நேரம் தாண்டிப் போனாலும் ரன் ஓவர், ஆள் மேல வண்டிய ஏத்தினாலும் ரன் ஓவர்!

பக்கத்து சீட்டுக்காரர் வந்து, தமிழ்லயும்தான் படம் ஓடுது, பொழப்பு ஓடுது, கையும் ஓடல காலும் ஓடலங்கிறோமேன்னாரு. ஓடுதுங்க, இல்லைங்கல. ஆனா படம்னு சொன்னதுமே தியேட்டர்னு புரியுது, பொழப்புன்னதும் பொழப்புன்னு புரியுது. இங்க மொத்த அர்த்தமும் வாலுல ஒட்டிக்கிட்டிருக்கிற ரெண்டெழுத்து "பை"க்குள்ள இருக்கு, அதைத்தான் அந்த லைன் முழுங்குச்சு.

இப்ப எனக்கு கம்யூனிகேஷன் ட்ரெயினிங்காம், ரெண்டு மாசம், சனிக்கிழமை சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு. சொன்னவருக்கு ஒரு வகுப்பும் கிடையாது, கேட்டவனுக்குத்தான். அதுவும் இந்த சனிக்கிழமை! வீட்ல மோட்டார் ஓடாம, மூணு வாரமா மெக்கானிக் கால்ல விழாத குறையா கெஞ்சி, இந்த சனிக்கிழமை பத்து மணிக்கு வரேன்னு இப்பதான் வாயத் திறந்திருக்காரு, குடம் குடமா மூணு மாடி தூக்கி எங்கம்மாவுக்கு தோள்பட்டை எறங்கிப் போச்சு, இதை நான் யார்கிட்டப் போய் எந்த பாஷைல சொல்றது?