டிஎன்எஃப்: பெயரை நம்பி ஏமாற வேண்டாம்

டிஎன்எஃப் (ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர்) என்பது நம் நோய் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் ஒரு புரதம். ‘டிஎன்எஃப் என்றாலே கட்டியை அழிக்கும் காரணி; உடம்பில் அதைக் கூட்டினால் புற்றுநோய் செல்கள் தானாகச் செத்துவிடும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூட்டுவதற்கு ஒரு பொடியும் சொல்லியிருக்கிறார். தப்பு அவருடையது மட்டுமல்ல, பெயரே அப்படி. 1975-இல் எலிகளின் கட்டிகள் அழிந்ததைப் பார்த்து வைத்த பெயர் அது.

செல்லின் மேல் நடப்பது வேறு. டிஎன்எஃப் தன் முதல் வகை ஏற்பியில் (செல்லின் மேல் நின்று செய்தி வாங்கும் புரதம்) ஒட்டியதும், உள்பக்கம் டிராட், ரிப்-1 போன்ற புரதங்கள் வந்து கூடுகின்றன. அந்தக் கூட்டம் முதலில் அனுப்பும் செய்தி ‘சாகாதே’ என்பதுதான். மரபணுக்களை முடுக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விழித்துக்கொண்டு, செல்லைச் சாகவைக்கும் நொதியான காஸ்பேஸ்-8-ஐ அடக்கும் காவல் புரதங்களைச் செய்ய வைக்கிறது. கூடவே அழற்சியையும் கிளப்பிவிடும். காவல் தவறினால்தான் சாவு. ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல்கள் மீது டிஎன்எஃப் மட்டும் ஊற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடையும் சேர்த்தால் சில மணி நேரத்தில் சுருங்கி, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உடையும். அதே ஏற்பி, அதே டிஎன்எஃப்!

சரி, கூட்டினால் என்ன ஆகும்? 1980-களில் நோயாளிகளின் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். காய்ச்சல் வந்தது, ரத்த அழுத்தம் சரிந்தது, கட்டிகள் பெரிதாக அசையவில்லை. கை அல்லது காலின் ரத்த ஓட்டத்தை மட்டும் தனியே பிரித்து, மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்தோடு கொடுக்கும் முறைதான் ஐரோப்பாவில் நிலைத்தது. அப்புறம், மூட்டுகளில் அழற்சி வரும் முடக்குவாதத்துக்குப் போடும் அடலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் இரண்டுமே டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்துகள்.