பதினேழாம் நாள்

இரண்டு வாரத்துக்கு முன்னால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில், நான் குடியிருக்கும் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) இரண்டு தெரு தள்ளி, ஓர் இளைஞன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பெயரை எழுதமாட்டேன். எப்படி என்றும் எழுதமாட்டேன். அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் அவனுடைய படம் நான்கு வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக என் கைப்பேசிக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போயிருந்த அவன் அம்மாவுக்கு அப்போது செய்தியே போய்ச் சேரவில்லை. அனுப்பியவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1980களில் வியன்னா நகரத்துச் சுரங்க ரயிலில் இப்படிப்பட்ட சாவுகள் அடுத்தடுத்து நடந்தன. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் விலாவாரியாக எழுதின. 1987இல், இப்படி எழுதாதீர்கள் என்று நிபுணர்கள் கேட்டுக்கொண்டார்கள். பத்திரிகைகள் கேட்டன. எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. ஒரு படம் இன்னொரு வீட்டுப் பிள்ளையை என்ன செய்யும் என்று அப்போதே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. நாம் இன்னும் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

என் தம்பி 2014இல் போனான். வயது 24. அதற்கு ஏழு மாதம் முன்னால் ஒருமுறை முயன்று பிழைத்திருந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது காரிலேயே உறவினர் ஒருவர் சொன்னார்: “உண்மையைச் சொன்னால் கேஸாகிவிடும். வேறு ஏதாவது சொல்லுங்கள்.” அவர் இல்லாததைச் சொல்லவில்லை. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அப்போது நடப்பில் இருந்தது. தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆகவே நாங்கள் வேறு சொன்னோம். டாக்டரும் நாங்கள் சொன்னதற்கு மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மனநல மருத்துவர் ஒருவரையும் என் தம்பி பார்க்கவே இல்லை. அவனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலை அம்மா வாரத்துக்கு மூன்று தடவை செய்தார். அப்பா அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயரையும் மாற்றிக் கொடுத்தார். உனக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2023இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. செய்தியைப் படித்த அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சட்டம் போய்விட்டது, ஆனால் பயம் போகவில்லை. இன்றும் இந்த ஊரில் “கேஸ் வரும், வெளியே சொல்லாதே” என்கிறார்கள். முயன்றதற்காகக் கேஸ் வராது. மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள். டாக்டருக்கு உண்மை தெரிந்தால்தான் சரியான ஆளிடம் அனுப்புவார்.

நாங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செய்தி காதில் விழுந்ததும் ஒரு வீட்டில் வரக்காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும். இன்னொரு வீட்டுப் பையன்கள் நாற்காலி தூக்குவார்கள். கோயில் கூடாரம் அரை மணியில் வந்து நிற்கும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, சோறு அக்கம்பக்கத்திலிருந்து வரும். மறுநாள் விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) போக வேண்டியவர்களும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் அன்று ஒன்றும் சொல்லமாட்டார்.

என் தம்பிக்கு இதில் பாதிதான் கிடைத்தது. கூடாரம் வந்தது. ஆனால் மாலைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். மேளம் வேண்டாம் என்றார்கள். “இது அந்த மாதிரிச் சாவு, பதினாறாம் நாள் காரியமெல்லாம் தேவையில்லை” என்று ஒரு பெரியவர் எங்கள் வாசலிலேயே நின்று சொன்னார். அம்மா உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் துக்கம் விசாரிக்கவில்லை, விசாரணை நடத்தினார்கள். காதலா, ஆலோங்கிடம் வாங்கிய கந்துவட்டிக் கடனா, வீட்டில் சண்டையா, கடைசியாக யாரிடம் பேசினான், நீங்கள் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா. அந்தக் கடைசிக் கேள்வியை அம்மா இன்றுவரை தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியாள் வந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஒற்றைக் காரணம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோய், கடன், தனிமை, அவமானம், குடி என்று பலவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓர் ஆளைக் கீழே இழுக்கின்றன. ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு இதனால்தான் செத்தான் என்று தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

பதினாறாம் நாளை நாங்கள் விடவில்லை. ஆள் குறைவாக, மேளம் இல்லாமல் செய்து முடித்தோம். மறுநாள் காலை, வீடு வெறிச்சோடிக் கிடந்தபோது, மூன்றாம் வரிசை அத்தை வந்தார். அவர் எங்களுக்கு இரத்த உறவு இல்லை. முப்பது ஆண்டு பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிக் காய்ப்பேறிய கைகள். முந்தானையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளை விரித்து, கீரையைக் கொட்டி, தாமே ஆயத் தொடங்கினார். ஒன்றும் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து ஒரு கொத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். அம்மாவின் கை அதைத் தொடாமல் வெகுநேரம் கிடந்தது. பிறகு விரல்கள் தாமாகவே அசைந்தன. காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். பழுத்த இலை வந்தால் எடுத்துப் போடுகிற பழக்கத்தைக்கூட அந்த விரல்கள் மறக்கவில்லை. கீரை பாதி தீர்ந்த பிறகு அத்தை என் தம்பியின் பெயரைச் சொல்லி, “என் வீட்டுச் சேவலை ஆயாக்கொட்டகை வரைக்கும் துரத்திக்கொண்டு போவானே, ஒரு நாள் சேவல் திரும்பி இவனைத் துரத்தியது, நினைவிருக்கிறதா?” என்றார். அத்தனை நாளில் அவன் பெயரை வாய்விட்டுச் சொன்ன முதல் வெளியாள் அவர்தான். அம்மா சிரித்தார். சிரிப்பு முடியும் முன்பே அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்தார். கீரை இல்லாத வாரம் தலை கிள்ள நெத்திலி கொண்டுவருவார். ஓராண்டுக்கு மேல் ஒரு செவ்வாய் தவறியதில்லை.

இரண்டாம் மாதம் எனக்கே அந்த எண்ணம் வந்தது. இதை இன்றுதான் வெளியே எழுதுகிறேன். இப்படி ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்தில் மிஞ்சியிருப்பவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல் என்பது ஆய்வாளர்கள் சொல்லி எனக்குப் பிறகு தெரிந்தது. அத்தைக்கு யார் சொல்லித் தெரிந்ததோ. கிணற்றடியில் என்னை நிறுத்தி நேராகக் கேட்டார்: “நீயும் சாக வேண்டும் என்று ஏதாவது நினைக்கிறாயாம்மா?” ஆமாம் என்றேன். அவர் பதறவில்லை, திட்டவில்லை, அம்மாவை நினைத்துப் பார் என்று புத்திமதியும் சொல்லவில்லை. அன்றிரவு என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். தோட்டத்து ஸ்டோர் சாவி வைத்திருந்த மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். மறுநாள் காலை பஸ் பிடித்து என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். நான் பிழைத்தது அந்தக் கேள்வியால்தான்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நம்மில் பலர் பயப்படுகிறார்கள். அது தவறு என்று மனநல மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. நேராகக் கேட்டால், நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பதை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் கிடைக்கிறது. ஸ்டோர் சாவி விஷயமும் அப்படித்தான். எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் நீண்டதில்லை. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தங்கும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு தற்கொலை விகிதம் வெகுவாக இறங்கியதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னெய்ட்மன், இப்படி உற்றாரை இழந்தவர்களைத் தாங்குவதே அடுத்த தலைமுறையைக் காப்பாற்றும் வேலை என்று கருதியவர். ஒரு தற்கொலை ஏறக்குறைய 135 பேரைத் தொடுகிறது என்று ஜூலி செரல் குழுவினரின் 2018ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. எங்கள் லயத்தில் ஒரு வரிசையை எண்ணினால் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான் இருந்தோம். மலேசிய ஆய்வுகளில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்றும் உண்டு. மக்கள்தொகையில் சுமார் 7 விழுக்காடாக இருக்கும் இந்தியர்களின் பங்கு, தற்கொலைக் கணக்கில் அதைவிடக் கூடுதல். நமக்குள் பேசாமல் மூடி வைத்து யாரைக் காப்பாற்றினோம்?

ஒரு மரண சகாயச் சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அப்பா அதில் பதினோரு ஆண்டு தவறாமல் சந்தா கட்டியவர். தம்பிக்கு வர வேண்டிய தொகை வரவில்லை. “தன் கையால் தன் உயிரைப் போக்கிக்கொண்டவர்களுக்கு இல்லை” என்று விதியில் ஒரு வரி இருந்தது. தொகை பெரிதில்லை. அந்த வரியைக் காட்டியபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தாரே, அதுதான் என்னால் மறக்க முடியாதது. சங்கப் பொறுப்பில் இருப்பவர்களே, உங்கள் விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் அடித்துவிடுங்கள். செத்தவர் எப்படிச் செத்தாலும் பெட்டிக்கும் வண்டிக்கும் அதே காசுதான் ஆகிறது.

இது நமக்கு முடியாத காரியம் இல்லை. இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர்தான், மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுகாசைத் திரட்டித் தோட்டத்தையே வாங்கவைத்தார். அவ்வளவு பின்னால் போக வேண்டாம். 2021இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, உதவி வேண்டும் என்று வாசலில் வெள்ளைக்கொடி கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். அரிசியும் முட்டையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். ஏன் உனக்கு இந்த நிலைமை, முன்பே சேர்த்து வைக்கக் கூடாதா என்று எவரும் கேட்கவில்லை. மனம் ஒடிந்த வீட்டுக்கும் அப்படியே போகலாம்.

உங்களில் யாருக்காவது இப்போது அந்த எண்ணம் இருந்தால், இந்தப் பதிவை விட்டுவிட்டு யாரிடமாவது பேசுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. 1970 முதல் இயங்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் இருக்கிறது, எண் 03-76272929, அங்கே தமிழ் பேசும் தொண்டர்களும் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 999. எனக்கே எழுதினாலும் சரி, இரவு எந்நேரமானாலும் பார்ப்பேன்.

இன்று அந்த இளைஞனின் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நடந்தது. கோயில் தலைவர் முன்னின்று, ஒரு குறையும் இல்லாமல், மேளத்தோடு நடத்திவைத்தார். அவருக்கு என் வணக்கம். கூடாரத்தை நாளை விடிந்ததும் அவிழ்ப்பார்கள்.

அத்தை 2019இல் காலமானார். தோட்டம் கைமாறி நாங்கள் தாமானுக்கு வந்தபோது அவர் ஒடித்துக் கொடுத்த முருங்கைக் கிளை, பின்பக்கம் மரமாகி நிற்கிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு கட்டுப் பறித்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போகிறேன். செவ்வாயும் வெள்ளியும் என்னால் முடியும். மற்ற நாள்களுக்கு இந்தத் தாமானில் யார் யார் வருகிறீர்கள் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். அவன் தங்கை இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். மாலையில் அவளோடு உட்கார ஓர் ஆள் முதலில் வேண்டும்.