காற்றைப் பார்த்து வீடு தேடுவது திமிரா?

இரண்டு நாளாக ஓடுகிற அந்த விவகாரம் உங்களுக்கே தெரியும். மகளுக்கு வீசிங் இருக்கிறது, மெயின் ரோட்டை விட்டுத் தள்ளி வீடு இருந்தால் சொல்லுங்கள் என்று ஒரு பெண் கேட்டார். "ஊரே இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது, உங்கள் பிள்ளைக்கு மட்டும் தனிக் காற்றா?" என்று ஒருவர் பதில் சொல்ல, அதற்கு அத்தனை கைதட்டல். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ஊர் முழுக்க ஒரே காற்று இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். காற்றில் மிதக்கும் மிகச் சிறிய தூசியான நுண்துகளில் (PM2.5) ஒரு பகுதி ஊரெங்கும் பரவித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வண்டிப் புகையில் வரும் கரியும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவும் சாலையோரத்தில்தான் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறையும். காற்று மாசின் பாதிப்பை ஆராயும் அமெரிக்காவின் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் 2010இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரைதான் பாதிப்பு மிகுதி என்றது. கலிஃபோர்னியாவில் அதிவேகச் சாலைக்கு 500 அடிக்குள் புதிய பள்ளி கட்டுவதற்கு 2003லேயே சட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்தார்கள். அவர்களெல்லாம் தனிக் காற்று கேட்டவர்களா?

நாங்களும் சிக்னலை ஒட்டிய வீட்டில் இருந்தவர்கள்தான். நின்று கிளம்புகிற இடத்தில்தான் வண்டி அதிகம் புகை கக்கும். இருபுறமும் உயரக் கட்டடங்கள் இருந்ததால் அந்தப் புகை வெளியேற வழியில்லாமல் தெருவிலேயே சுற்றும். காலையில் துடைத்த ஜன்னல் திண்டு மாலைக்குள் கறுத்துவிடும். என் மகன் ராத்திரி இருமி இருமி எழுந்து உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்தபடியே தூங்குவான். வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஜன்னலைச் சாத்தி வையுங்கள்" என்பார். உள்தெருவுக்கு மாறினோம். இருமல் முழுக்க நின்றுவிடவில்லை, ஆனால் அவன் படுத்துத் தூங்கினான். "இதுக்கெல்லாமா வீடு மாறுவாங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஏர் பியூரிஃபயர் வாங்கலாமே என்பீர்கள். சரி, வாங்கலாம். அது மூடிய அறைக்குள் தூசியைப் பிடிக்கும். அதிலிருக்கும் ஹெப்பா ஃபில்டர் துகளை வடிகட்டுவது, அது மட்டும் இருந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுவைப் பிடிக்காது. குழந்தை நாள் முழுக்க அறைக்குள்ளேயே கிடக்குமா? அந்தக் காலத்தில் எல்லோரும் நன்றாகத்தானே இருந்தார்கள் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலத்தில் யாருக்கு மூச்சுத் திணறியது என்று யார் எழுதி வைத்தார்கள்?

லண்டனில் எலா கிஸி-டெப்ரா என்று ஒரு சிறுமி. கடும் ஆஸ்துமா, வீடு நெரிசலான பெருஞ்சாலைக்குப் பக்கத்தில். 2013இல் ஒன்பது வயதில் இறந்துபோனாள். காற்று மாசும் அவள் சாவுக்கு ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: மாசுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பை அவளுடைய அம்மாவிடம் யாருமே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அந்தச் சாவைத் தடுத்திருக்கக்கூடிய எதையாவது அவர் செய்திருப்பார் என்று. அந்த அம்மாவுக்குத் தெரியாமல் போன விஷயம் இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து கேட்டதற்கா இத்தனை ஏளனம்?

எல்லோராலும் வீடு மாற முடியாதே, இது வசதியுள்ளவர்கள் பேச்சு என்கிறீர்கள். இந்த ஒன்று மட்டும் என்னை யோசிக்க வைக்கிறது. உண்மைதான், சாலையோரம்தான் வாடகை குறைவு என்றால் இல்லாதவர்கள் அங்கேதான் போவார்கள். அப்படியென்றால் கோபம் யார் மேல் வர வேண்டும்? குடியிருப்புக்கு நடுவே லாரிகளை விட்டவர்கள் மேல், மேம்பாலத்தை ஒட்டி வீடு கட்ட அனுமதி கொடுத்தவர்கள் மேல், காற்று மாசை அளக்க ஊருக்கே ஒரு கருவியை வைத்து அந்த ஒரே எண்ணை எல்லாத் தெருவுக்கும் சொல்கிறவர்கள் மேல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளின் ஆண்டுச் சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்ததே, அதைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அங்கெல்லாம் வாயே திறக்காதவர்கள், பிள்ளைக்கு மூச்சு இரைக்கிறது என்று வீடு தேடுகிற அம்மாவிடம் மட்டும் ஏன் இத்தனை வீரம் காட்டுகிறீர்கள்?