அழுகண்ணியை அள்ளிக்கொண்டு போன அண்ணனுக்கு

ஓர் அண்ணன் அழுகண்ணியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் போட்ட அந்தப் படத்தை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. உள்ளங்கை நிறைய அழுகண்ணி (பூச்சி பிடிக்கிற சின்னச் செடி), பின்னால் கார் டாஷ்போர்டு, "மேல்மலையின் காயகல்ப மூலிகை" என்று தலைப்பு வேறு.

பிடுங்காதீர்கள், மண்டியிட்டுப் பாருங்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான்.

"தொட்டியில் வெச்சுக் காப்பாத்தப் போறார், உங்களுக்கென்ன?" என்கிறார்கள் கமெண்ட்டில். எதை வைத்துக் காப்பாற்றுவார்? பட்டாணி அளவுக் கிழங்கு மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும். தண்டு நூல் மாதிரி. இழுத்தால் அறுந்து கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும், கைக்கு வருவது சாகப்போகும் செடி. கிழங்கோடு வந்தாலும் தொழு உரம் போட்ட மண்ணும் உப்புள்ள குழாய்த் தண்ணீரும் அதைக் கருக்கிவிடும். சத்தில்லாத ஈரமண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சி பிடித்து எடுத்துக்கொள்கிற செடிக்கு உரம் எதற்கு?

"பூவே இல்லையே?" என்று கேட்டவர்களுக்கு: இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவில், வெள்ளையாய், ஐந்து இதழ். நல்ல வெயிலில்தான் விரியும், மேகம் கவிந்தால் மூடிக்கொள்ளும். டாஷ்போர்டில் விரியாது, அண்ணே.

மழைக்காலத்தில் வெயில் அடிக்கும் நண்பகலாகப் பார்த்துப் போங்கள். நீர் கசியும் புல்சரிவில், சூரியன் செடிக்குப் பின்னால் இருக்கும்படி முழங்காலிடுங்கள். பிறைபோன்ற இலை, காம்பு அதன் முதுகில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சிவப்பு மயிரின் நுனியிலும் ஒரு சொட்டு மின்னும். கொசு ஒட்டியிருந்தால் பக்கத்து மயிர்கள் மெல்ல அதன்மேல் வளைந்திருக்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும். 'பனித்துளி' படத்துக்காக ஸ்ப்ரே அடிக்கிற கலைஞர்களே, அது பனி இல்லை, பசை. தண்ணீர் பட்டால் கரையும், விரல் பட்டால் உங்களோடு வந்துவிடும்.

"காட்டுப்பன்றி கிளறுதே, அதைக் கேளுங்க." பன்றி ரீல் போடுவதில்லை.

"வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம் புல்வெளியையே தின்னுடுச்சு, இதுதான் பெரிய விஷயமா?" நியாயம்தான், பதிலில்லை. ஆனால் அதனால்தானே மிச்சமிருப்பதைப் பிடுங்காதீர்கள் என்கிறேன்? குறிஞ்சி என்றால் 2018-இல் வந்த கூட்டம் 2030-க்கும் வரும். வருஷா வருஷம் பூக்கிறதுக்கு மரியாதை இல்லை. டார்வின் 1860-இல் இதன் சொந்தக்காரச் செடியைப் பார்க்க ஆரம்பித்து 1875 வரை விடவில்லை. நமக்குப் பதினைந்து விநாடி ரீல்.

இடம் கேட்டு இன்பாக்ஸில் வருபவர்களுக்கு: சொல்ல மாட்டேன். திமிர் என்றால் திமிர்தான். போன தடவை இடம் வெளியே போனது இதே பக்கத்தின் கமெண்ட்டில்தான்.