பங்களா ஆபீஸ் யாருடையது?

நேற்றிலிருந்து எல்லாரும் அந்தப் போட்டோவைத்தான் அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டேன். அந்தக் காலத்துத் துரை வீடு, இப்போது அரசு ஆபீஸாக இருக்கிற நம்ம பங்களா ஆபீஸில், குளிர் காய விறகு எரிக்கும் கணப்படுப்பை இடித்து, செங்கல்லை முற்றத்தில் குவித்து, அந்த இடத்தில் ஃபைல் வைக்க இரும்பு அலமாரி நிறுத்தியிருக்கிறார்கள். வெளிச்சுவரில் பாதிக்குச் சிமெண்ட் பூச்சு.

அது ஆபீஸாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. மறுபடியும் சொல்கிறேன், குறை சொல்லவில்லை. ஆள் புழங்கினால்தான் வீடு நிற்கும். கொல்லத்தில் 1811க்கும் 1819க்கும் இடையில் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் கட்டிய ரெசிடென்சி மாளிகை இன்றைக்கு அரசு விருந்தினர் மாளிகையாக நிற்கிறது. நம்ம பங்களா ஏன் நிற்கக் கூடாது? அதன் சுவர் சுண்ணாம்புக் காரை. மழையில் ஈரம் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, காரை பொடிப்பொடியாக உதிரும். இந்த இடுக்கி மலையில், மாசக்கணக்கில் மழை அடிக்கிற ஊரில், இதையா செய்வார்கள்?

"லயத்தில் பிறந்தவனுக்குத் துரை வீட்டு மேல என்ன பாசம்" என்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அதான் லயத்தில், பிறந்த என்னை ஒருத்தர் கேட்டிருக்கிறார். சரி, சொல்கிறேன். என் தாத்தா அந்த வீட்டுக்கு விறகு சுமந்தவர். பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அவர் சுமந்த விறகின் சூட்டில் ஒரு நாளும் அவர் குளிர் காய்ந்ததில்லை. ஆபீஸ் ஆன பிறகுதான், அப்பாவின் சாதிச் சான்றிதழுக்காக, முன்வாசல் படி ஏறினார். பியூன் "போட்டுட்டே வாங்க" என்று சொல்லியும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாராம். நான் எப்போது போனாலும் கணப்படுப்பு ஓரத்தில் கரி படிந்த அந்தச் செங்கல்லைத் தொட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்பேன். அது துரை வீடு இல்லைங்க, நம்ம வீடு. விறகு சுமந்தது நாம்.

ஃபைல் வைக்க இடம் வேண்டாமா என்றால், வேண்டும். பின்னால் குதிரை லாயம் காலியாகத்தானே கிடக்கிறது? கேட்டிருந்தால் நாங்களே கூட்டிப் பெருக்கிக் கொடுத்திருப்போம். நம்மிடம் யார் கேட்கிறார்கள்? தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் தமிழில் மனு கொடுக்கலாம், பதிலும் தமிழில் தர வேண்டும் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் 1969லேயே எழுதி வைத்திருக்கிறது. அம்மா பட்டயத்துக்காக, அதான் நிலப் பட்டாவுக்காக, தமிழில் கொடுத்த மனுவுக்குப் பதில் மலையாளத்தில் வந்தது. அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நான் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தார், வாசித்துச் சொல்ல.

நாளைக் காலை லாரி வந்து அந்தச் செங்கல்லை அள்ளிக்கொண்டு போகுமாம். ஏழு மணிக்கு நான் முற்றத்தில் இருப்பேன். வருகிறவர்கள் வாங்க.