நாலு பேர் முன்னாடி

போன வாரம் ஒரு சிக்னலில் பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு பைக் முன்னால் நின்ற காரை லேசாக உரசிவிட்டது. உற்றுப் பார்த்தால்தான் கீறல் தெரியும். காரில் இருந்து இறங்கியவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், பைக்காரர் திருப்பிச் சொன்னார், அரை நிமிடத்தில் இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உருண்டார்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். அவன் அழவில்லை. கழன்று விழுந்த அப்பாவின் ஒற்றைச் செருப்பை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். சுற்றி இருபது பேர் நின்றோம், பாதிப் பேர் கையில் செல்போன்.

ஓய்ந்த பிறகு இரண்டு பேர் வாயிலும் வந்தது ஒரே பேச்சு: “நாலு பேர் முன்னாடி என்னை எப்படி அப்படிச் சொல்லலாம்?”

வன்முறை ஏன் பெருகுகிறது என்று கேட்டால் வறுமை, குடி, போதை, சினிமா, வேலையின்மை என்று எல்லோரும் அடுக்குகிறோம். எதுவும் பொய்யில்லை. ஆனால் ஏழைகளில் பெரும்பாலோர் யார்மீதும் கை வைப்பதில்லை, குடிக்கிறவர்கள் எல்லோரும் கத்தி எடுப்பதுமில்லை. இதெல்லாம் விறகு. பற்றவைப்பது பெரும்பாலும் அவமானம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேலதிகாரியிடம் வாங்கியது, கடன்காரனிடம் வாங்கியது, சின்ன வயதில் வகுப்பறையில் வாங்கியது என்று எதையும் திருப்பிக் கொடுக்க முடியாமல் சேர்த்து வைத்திருக்கிற மனிதன், எதிர்ப்படுகிற முன்பின் தெரியாத ஒருத்தன்மீது எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். முன்பெல்லாம் அந்த நாலு பேர் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார்கள். இப்போது அது வீடியோவாகி நாலாயிரம் பேரிடம் போகிறது, தோற்றவனால் தோற்றதை மறக்கவே முடியாது.

வீட்டுக்குள் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே அந்த நாலு பேர் இல்லை, அதுதான் அடிக்கிறவனுக்குத் தைரியம். 2023-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணையாலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டார்கள் என்கிறது ஐ.நா. கணக்கு. ஒரு நாளைக்கு 140 பேர்! பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கும்போது “அது அவங்க குடும்ப விஷயம்” என்று டிவி சத்தத்தைக் கூட்டுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இந்தக் கணக்கில் பங்கு இருக்கிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் வேறு. 1961-இல் ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர், பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து உதைப்பதைச் சிறு குழந்தைகளைப் பார்க்கவைத்தார். பிறகு அந்தக் குழந்தைகளைப் பொம்மையோடு விளையாட விட்டபோது பலரிடமும் அதே அடி, அதே வார்த்தைகள். கண்டித்து வளர்க்க அடிதான் வழி என்பவர்களுக்கு ஒன்று: ஸ்வீடன் 1979-லேயே பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. அந்த நாடு ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

சரி, என்னதான் செய்வது? ஒவ்வொரு கொடூரச் செய்திக்குக் கீழேயும் “நடுரோட்டில் தூக்கில் போடு” என்று எழுதுகிறோம். அந்தக் கோபம் எனக்கும் வருகிறது. ஆனால் தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, நிச்சயம் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் குற்றத்தை அதிகம் தடுக்கிறது என்று குற்றவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஒரு காலத்தில் கத்திக்குத்துக்குப் பேர் போனது. 2005-இல் அங்கே காவல்துறையே வன்முறையை, நோயைப் போலத் தடுக்க வேண்டிய ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. கும்பல் இளைஞர்களை நீதிமன்ற அறைக்கு அழைத்து, வெட்டுக்காயத்துக்குத் தையல் போடும் மருத்துவரையும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயையும் அவர்கள் முன்னால் பேசவைத்தார்கள். இதிலிருந்து வெளியே வர நினைப்பவர்கள் கூப்பிட ஒரு போன் நம்பரும் கொடுத்தார்கள். வேலைக்கும் படிப்புக்கும் வழி செய்தார்கள், அடங்காதவர்களைக் கைது செய்யவும் தவறவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் கொலைகள் ஏறக்குறையப் பாதியாகின.

எனக்கு ரொம்பப் பிடித்தது சிகாகோ பள்ளிகளில் பையன்களுக்கு நடத்தும் ஒரு பயிற்சி. அதில் ஒரு விளையாட்டு: இரண்டு பேரை ஜோடி சேர்த்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து மூடச் சொல்வார்கள். அடுத்தவன் 30 விநாடிக்குள் அதை வாங்க வேண்டும். பையன்கள் விரலைப் பிரிக்கிறார்கள், கையை முறுக்குகிறார்கள், கட்டிப் புரளுகிறார்கள். முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: “ஏன் யாருமே பந்தைக் கொடு என்று கேட்கவில்லை?” அந்தப் பயிற்சியில் சேர்ந்த மாணவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது பயிற்சி நடந்த காலத்தில் கிட்டத்தட்ட பாதி குறைந்ததாகச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். முதல் ஆய்வில், பயிற்சி நின்றதும் அந்தப் பலன் தேய்ந்துபோனது. அதனால் ஒரு நாள் விழிப்புணர்வு முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டால் போதாது. கணக்குப் பாடம் மாதிரி வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், அன்றைக்கு சிக்னலில் சண்டையை நிறுத்தியது எங்கள் இருபது பேரில் யாருமில்லை. பஸ்ஸுக்கு நின்ற வயதான அம்மா ஒருவர், சண்டை போட்டவர்கள் பக்கமே திரும்பாமல் நேராக அந்தப் பையனிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி “உன் பேர் என்ன கண்ணு?” என்று கேட்டார். அப்பாவின் கை அப்படியே தளர்ந்தது. எழுந்து வந்து, பையன் கையில் இருந்த செருப்பை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டார். பையன் நிமிர்ந்து பார்க்கவில்லை.