சாவியைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டே சாவி தேடுற கூட்டம்

யாராவது "குடும்பத்தோட எஸ்கேப் ரூம் போலாம், வாங்க"ன்னு கூப்பிட்டா, வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்லயே படுத்துக்குங்க. ஒரு ரூம்ல அடைச்சு விடுவாங்க, துப்புத் தேடிப் பூட்டைத் திறந்து நேரத்துக்குள்ள வெளிய வரணும், அதான் விளையாட்டு. ஆளுக்கு நாப்பது வெள்ளி கட்டி, கதவைச் சாத்திக்கிட்டு, ஒரு மணி நேரம் ரத்தக் கொதிப்பை ஏத்திக்கிட்டு வந்திருக்கேன். கடுப்பு இன்னும் அடங்கல.

ரூமைக் குறை சொல்லவே மாட்டேன். மலேசியாவுல, எங்க ஊரு சுங்கை சிப்புட்ல, கடைவீட்டு மாடியில, நம்ம ஊர்ப் பசங்க ரெண்டு பேரு போட்டது. தீம் என்னன்னா, ரப்பர் தோட்டத்துத் தொரை பங்களா. பழைய மேசை, டைப்ரைட்டர், ஆள் கணக்கு எழுதுற செக்ரோல் புத்தகம், சுவத்துல 1948 ஜூன் மாசக் காலண்டர், மூலையில ரெண்டு பால்மரம், அதான் ரப்பர் மரம், அடியில பால் பிடிக்கிற மங்கு. நுழைஞ்சதுமே பெரியம்மா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. முப்பது வருசத்துக்கு மேல தோட்டத்துல பால் வெட்டுனவங்க அவங்க. விடியக்காலம் ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போயி, கொசுக்கடியில நெரை பிடிச்சு வெட்டி, ஒட்டுப்பால் நாத்தத்தோட வீட்டுக்கு வந்து எங்களை எல்லாம் ஆக்கிப் போட்டு வளத்தவங்க. இந்த ரூமை யாராவது திறக்க முடியும்னா அவங்கதான்னு எனக்கு அப்பவே தோணுச்சு.

ஆனா எங்க டீமுக்குக் கேப்டன் யாரு? பெரியம்மா மாப்பிள்ளை, எங்க அத்தான். யாரு நியமிச்சா? அவரே.

உள்ள விடுறதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு நின்னு விதிமுறை சொல்லுச்சு. எதைக் கண்டெடுத்தாலும் வாய் விட்டுச் சொல்லணும். திறந்த பூட்டுல சாவியை அப்படியே விட்டுடணும். அவசரம்னா கதவுகிட்ட இருக்குற பச்சைப் பொத்தானை அழுத்தினா கதவு திறந்துடும். அவ்வளவுதான். அத்தான் அந்த நேரம் பாத்துப் போன்ல கார் டயர் வெலை பேசிக்கிட்டிருந்தாரு. 2019 ஜனவரியில போலந்துல கோஷாலின்ங்கிற ஊர்ல, இதே மாதிரி ரூம்ல தீப்பிடிச்சு, பிறந்தநாள் கொண்டாட வந்த பதினஞ்சு வயசுப் பொண்ணுங்க அஞ்சு பேரு வெளிய வர முடியாம செத்துப்போச்சுங்க. பொத்தான் எங்க இருக்குன்னு கேட்டுக்க ஒரு மனுசனுக்கு அரை நிமிசம் கிடைக்காதா? டயர் எங்கயாச்சும் ஓடியா போயிடும்?

கதவு சாத்துனாங்க. "நான் சொல்றேன், நீங்க தேடுங்க"ன்னு நடுவுல நின்னுக்கிட்டாரு, பந்தியில சாம்பார் வரலன்னு கத்துற பொண்ணு வீட்டுப் பெரியப்பா மாதிரி. மேசை டிராயரைத் திறந்தாரு. உள்ள ஒரு சின்னச் சாவி இருந்திருக்கு. யார்கிட்டயும் மூச்சு விடாம எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. "அப்புறம் தேவைப்படும்னு பத்திரமா வெச்சேன்"னு பின்னாடி விளக்கம் வேற! அதுவரைக்கும் நாங்க எல்லாரும் பாயைத் தூக்கி, படத்தைத் திருப்பி, டைப்ரைட்டருக்கு அடியில கையை விட்டுத் தேடிக்கிட்டிருக்கோம். கடைசியில கேமராவுல பாத்துக்கிட்டிருந்த அந்தப் பொண்ணே பொறுக்க முடியாம வாக்கிடாக்கியில, "சார், உங்க பாக்கெட்டைக் கொஞ்சம் பாருங்க"ன்னு சொல்லுச்சு. வெக்கக்கேடு.

அந்தப் பக்கம் தம்பி. நாலு நம்பர் பூட்டு ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு 0000ல இருந்து ஒவ்வொண்ணா திருப்புறான். பத்தாயிரம் நம்பர்டா! ஒண்ணுக்கு மூணு வினாடின்னாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், எங்களுக்கு இருக்குறதே ஒரு மணி நேரம். பூட்டு தொங்குறதே காலண்டருக்கு நேர் கீழ. ஜூன் 1948. சுங்கை சிப்புட்ல பொறந்தவனுக்கு இதுக்கு மேல என்ன துப்பு வேணும்? ஜூன் 16, எல்ஃபில் தோட்டத்துலயும் பின் சூன் தோட்டத்துலயும் மூணு வெள்ளைக்காரத் தொரைங்களைக் கம்யூனிஸ்ட்டுங்க சுட்டாங்க, அதைத் தொட்டுத்தான் மலாயாவுல அவசரகாலம் வந்து 1960 வரைக்கும் நாட்டையே ஆட்டுச்சு. நான் "1606 போடு, 1606 போடு"ன்னு கத்துறேன். "இரு அக்கா, விட்டா எண்ணிக்கை மறந்துடும்"ங்கிறான். அவன் கையைத் தட்டிவிட்டுட்டு நானே திருப்புனேன். டக்னு திறந்துச்சு.

பெட்டிக்குள்ள ஒரு சீட்டு: "ஒரு மரத்தைத் தெரிஞ்சவன் வெட்டினான். இன்னொன்றைத் தெரியாதவன் வெட்டினான்." ரெண்டு மரத்துலயும் சாய்வா வெட்டுக்கோடு, ஆனா ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கு. சரியான மரத்தோட மங்குல இருக்குற நம்பரை வாசக்கதவுல அடிக்கணும், தப்பா அடிச்சா நேரம் குறையும்.

பெரியம்மா ஒரு தடவைதான் பாத்தாங்க. கிட்டப் போயி, கோட்டு மேல விரலை வெச்சு மேலிருந்து கீழ இழுத்துப் பாத்துட்டு, "இடது கைப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் எறங்கணும். இதான் சரி"ன்னாங்க.

அத்தான் திரும்பிக்கூடப் பாக்கல. "அத்தை, இது பஸல். தோட்டம் இல்ல. இதுல லாஜிக் இருக்கும்."

லாஜிக்காம்! பட்டைக்குள்ள பால் குழாய்ங்க நேரா நிக்காது, லேசா வலப்பக்கம் சாஞ்சுதான் மேல ஏறும். இடப்பக்கம் ஒசத்தி வெட்டுனாத்தான் நெறைய குழாய் அறுபட்டுப் பால் கூடுதலா எறங்கும். இதை விட என்ன லாஜிக் வேணும் இவருக்கு? நான் சொல்லப் போனா, "நீ சும்மா இரு"ன்னு எனக்கும் ஒரு அதட்டல். அக்காவாவது வாயைத் திறக்குமான்னு பாத்தா, அது ஏசி குளிருதுன்னு ஓரமா நிக்குது. பெரியம்மா மறுபடி, "மாப்ள, கோச்சுக்காதீங்க, இந்த மரந்தான்"னு மெதுவா சொன்னாங்க. மாப்பிள்ளைகிட்ட அதுக்கு மேல எப்படிப் பேசுவாங்க? சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கிட்டு நாக்காலியில போய் உக்காந்துட்டாங்க. அவரு எதிர்மரத்து நம்பரை அடிச்சாரு. சிவப்பு லைட்டு. "மெசின்ல கோளாறு"ன்னு அதே நம்பரைத் திரும்ப அடிச்சாரு!

2007ல ஜப்பான்ல, கியோட்டோவுல தக்காவோ காட்டோங்கிறவரு இந்த விளையாட்டை ஆரம்பிச்சப்போ, ஒருத்தர் மட்டும் யோசிக்கணும், மத்தவங்க சுவத்துக்கு முட்டுக் குடுக்கணும்னா வெச்சிருப்பாரு? டீமுன்னு எதுக்குப் பேரு?

நேரம் முடிஞ்சு மணி அடிச்சு கதவு திறந்துச்சு. அந்தப் பொண்ணு உள்ள வந்து நேரா பெரியம்மாகிட்டப் போயி, "பாட்டி, நீங்க சொன்னதுதான் சரி. எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?"ன்னு கேட்டுச்சு. அத்தான் குறுக்க வந்து, "எனக்கும் அப்பவே ஒரு டவுட்டு"ங்கிறாரு. டவுட்டு! அந்த மனுசன் வாயில இருந்து அந்த ஒரு மணி நேரத்துல வராத ஒரே வார்த்தை அதுதான்.

மாமாக்னு சொல்ற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில தே தாரிக் டீ குடிக்கும்போதும் அத்தான் விடல. ரூம்ல துப்பு சரியில்லையாம், நேரம் பத்தலையாம், நாங்க ஒத்துழைக்கலையாம். அடுத்த மாசம் ஈப்போவுல பேய் தீம் ரூம் ஒண்ணு இருக்காம், புக் பண்ணிட்டாராம், ஆள் கணக்குல என் பேரும் இருக்காம். பெரியம்மா பேரு இல்லையாம், "அவங்களுக்கு இதெல்லாம் புரியாது"ன்னு.

போங்கலா. முன்பணம் போனாப் போகட்டும், நான் வரல.